கயிற்றை இழுப்பதற்கு முன்

என் இடது மோதிர விரலின் நகம் கொஞ்சம் கோணலாக முளைத்திருக்கும். சிங்கப்பூரின் துவாஸில் நான் வேலை செய்யும் கப்பல் பட்டறையில் அதைப் பார்ப்பவர்கள் எல்லாரும், ஏதோ ஒரு கப்பல் எஞ்சினில் விரல் நசுங்கியிருக்கும் என்று தாமாகவே முடிவு செய்துகொள்வார்கள். பதினெட்டு ஆண்டுகளாக, சிலிண்டருக்குள் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரிய எஞ்சின்களோடு பழகுகிறேன். அவை என்னை ஒன்றும் செய்ததில்லை. அந்த நகத்தைப் பிடுங்கியது, 185 சிசி கொள்ளளவு கொண்ட ஒரு பாராமோட்டார் எஞ்சின். அதுவும் தரையில், இறக்கையைப் பையிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே.

பாராமோட்டாரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாராகிளைடர் என்னும் துணி இறக்கையின் கீழே தொங்கும் ஆள், முதுகில் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினையும் அதன் பின்னால் சுழலும் ப்ரொப்பெல்லரையும் வார்களால் மாட்டிக்கொண்டு, ஓடி எழும்பிப் பறப்பது அது. ப்ரொப்பெல்லரைச் சுற்றி உலோகக் குழாயால் ஆன ஒரு வட்டக் கூண்டும், அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய வலையும் இருக்கும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று வானூர்தித் தளங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும் நம் சிறிய தீவில் இதற்கு இடம் தேடுவது வீண். ஆகவே விடுமுறை நாள்களில் பாலம் கடந்து மலேசியாவின் ஜோகூருக்குப் போகிறோம். கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்துக் காற்பந்துத் திடலில், அனுமதி பெற்றுப் பறக்கிறோம். என் எஞ்சினும் அங்கேயே, அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அண்ணனின் கொட்டகையில்தான் இருக்கிறது. பதினொன்றாம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பெட்ரோல் வாடை அடிக்கும் ஒரு பொருளை வைத்திருக்க என் மனைவி சம்மதிக்க மாட்டாள். எனக்கும் மனம் ஒப்பாது.

இந்தப் பொழுதுபோக்கைக் கேள்விப்படும் எவரும் முதலில் கேட்பது, மேலே போன பிறகு எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான். நின்றுவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இறக்கை அப்படியேதான் இருக்கும். சத்தமில்லாமல் மிதந்து, இறங்குவதற்கென்று முன்பே பார்த்துவைத்த இடத்தில் இறங்கிவிடலாம். கீழே நிற்கும்போது எஞ்சின் கிளம்பினால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் இதுவரை எவரும் கேட்டதில்லை. ஃபிரான்செஸ்கோ ஃபெலெட்டி, ஜெஃப் கோயின் ஆகிய இருவரும், அமெரிக்க பவர்டு பாராகிளைடிங் சங்கத்திடம் 1995 முதல் 2012 வரை பதிவான 384 விபத்துக் குறிப்புகளை ஆராய்ந்து, 2014-இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். வானத்திலிருந்து விழக்கூடிய விளையாட்டு என்றால் காலும் முதுகும்தான் அதிகம் அடிபட்டிருக்கும் என்று நினைப்போம். அவர்கள் கணக்கில் முதலிடம் கைக்கு: 44.5 விழுக்காடு. கால் 32 விழுக்காடு, முதுகு பத்துக்கும் குறைவு. அந்தக் கைக்காயங்களில் பெரும்பங்கு எஞ்சினாலும் ப்ரொப்பெல்லராலும் வந்தது.

வேண்டுமென்றே எவரும் சுழலும் விசிறிக்குள் கையை நீட்டுவதில்லை. அப்படியிருந்தும் கை அங்கே போய்ச் சேர்கிறது என்றால், அதை அங்கே கொண்டுபோகும் விசை எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ரொப்பெல்லர் காற்றைப் பின்னால் தள்ளுகிறது; ஆகவே எஞ்சின் முன்னால், அதாவது ஆளை எஞ்சினோடு கட்டும் வார்களும் இருக்கையும் சேர்ந்த ஹார்னஸ் இருக்கும் பக்கமாக நகரப் பார்க்கிறது. தரையில் நிறுத்திவைத்த எஞ்சினைக் கிளப்புகிறவர் நிற்பதும் அதே பக்கத்தில்தான். என் எஞ்சின் முழு வேகத்தில் ஏறத்தாழ 70 கிலோ உந்துவிசை தரும். எஞ்சினும் கூண்டும் ஹார்னஸும் சேர்ந்து எடை 25 கிலோவைச் சற்றுத் தாண்டும். தன் எடையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட விசையோடு அது உங்கள் நெஞ்சின் மேல் பாய்கிறது. பாயும் பொருளைக் கண்டால் மனிதன் இரண்டு கைகளையும் நீட்டித் தடுக்கிறான். குழந்தை விழப்போனால் பிடிப்பதைப் போல அது யோசிக்காமல் நடப்பது. நீட்டிய கை கூண்டின் விளிம்பைப் பற்றுகிறது, கூண்டு சாய்கிறது, உள்ளங்கை வலையில் பதிகிறது, வலை தொய்கிறது. வலைக்கு அப்பால் சில விரற்கடை தூரத்தில் ப்ரொப்பெல்லர் இருக்கிறது.

அதன் வேகத்தையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். விட்டம் 1.25 மீட்டர், நிமிடத்துக்கு 2,700 சுற்று என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 45 சுற்று. ப்ரொப்பெல்லர் இலையின் நுனி மணிக்கு 630 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது. கண் ஒன்றைக் கண்டு கை அசைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் என்பார்கள். அந்த நேரத்துக்குள் இரண்டு இலைகளும் சேர்ந்து ஒரே இடத்தைப் பதினெட்டு முறை கடந்துவிடுகின்றன. சட்டென்று கையை இழுத்துக்கொள்வேன் என்று சொல்கிறவரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

என் கதைக்கு வருகிறேன். அன்று காலை ஏழு மணி இருக்கும். பனி இன்னும் புல்லில் இருந்தது. காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, சோதனைச் சாவடி வரிசையில் காத்திருந்து வந்த களைப்பு, வெயில் ஏறுவதற்குள் பறந்துவிட வேண்டும் என்ற அவசரமாக மாறியிருந்தது. எஞ்சினைத் திடலின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தேன். எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் குமிழை நான்கைந்து முறை அழுத்தினேன். எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியைக் கூண்டின் மேல் தொங்கவிட்டேன். இடது கையால் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். மூன்று இழுப்புக்கும் எஞ்சின் இருமியதோடு சரி. நான்காவது இழுப்பில் கிளம்பியது.

நான் மறந்தது ஒரு சிறிய திருகு. த்ராட்டில் பிடியில், நெடுநேரம் ஒரே வேகத்தில் பறக்கும்போது விரல் வலிக்காமல் இருப்பதற்காக, நெம்புகோலை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் ஒரு திருகு உண்டு. நாங்கள் அதைக் குரூஸ் என்போம். முந்தைய வாரம் கடற்கரையோரமாகப் பறந்தபோது அதைப் பாதி அளவில் முறுக்கியிருந்தேன். இறங்கிய பிறகு தளர்த்தவில்லை. ஆகவே எஞ்சின் மெதுவோட்டத்தில் கிளம்பாமல், பாதி த்ராட்டிலில் கிளம்பியது. சத்தம் காதில் விழுவதற்கும் நான் மல்லாந்து கிடப்பதற்கும் இடையே என்ன நடந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாக நினைவில்லை. இருக்கைப் பலகை நெஞ்சில் இடித்தது, முதுகு புல்லில் பட்டது, இடது கையில் ஏதோ சுண்டி இழுத்தது. தொங்கிக்கொண்டிருந்த த்ராட்டில் பிடி கூண்டிலிருந்து நழுவி என் வயிற்றின் மேலேயே விழுந்தது என் அதிர்ஷ்டம். அதைத் துழாவி, அதில் இருக்கும், எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மொத்தம் மூன்று நொடிகூட ஆகியிருக்காது என்றார் அண்ணன்.

வலையின் ஒரு கயிறு ப்ரொப்பெல்லரில் சிக்கி அறுந்து, சாட்டையைப் போல வீசி, என் மோதிர விரல் நகத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு இலையின் நுனி, கட்டைவிரல் நீளத்துக்கு, உடைந்து காணாமல் போயிருந்தது. அண்ணன் என் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே, "தம்பி, வெரலை எண்ணுங்க," என்றார். எண்ணினேன். ஐந்தும் இருந்தன. உடைந்த நுனியை அவருடைய தங்கை மகன்தான் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். எஞ்சினுக்குப் பின்னால் இல்லை, முன்னால் இல்லை. நேர் பக்கவாட்டில், பதினைந்து அடி தள்ளி, கோல் கம்பத்தின் அடியில் கிடந்தது. நான் கயிற்றை இழுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு வரை அந்தப் பையன் சாய்ந்து நின்றிருந்த கம்பம் அது.

அந்த வாரம் வேலைக்குப் போனபோது, ஒரு பம்ப்பைப் பிரிப்பதற்கு முன் அதன் மின்சுவிட்சில் என் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆயிரம் முறை செய்த வேலை. அன்றைக்குத்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பட்டறையில் எவன் கை உள்ளே போகிறதோ அவன் பையில்தான் சாவி இருக்க வேண்டும்; மேலாளராக இருந்தாலும் இன்னொருவர் பையில் இருக்கக் கூடாது. வேலை தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில் நானே புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஒரே பொருளை, நிறுத்தும் பொத்தானோடு சேர்த்து, கைக்கு எட்டாமல் கூண்டில் தொங்கவிட்டிருக்கிறேன். தேசிய சேவையில் துப்பாக்கியை எப்போதும் குண்டு நிரப்பியதாகவே எண்ணு என்று சொல்லிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. பாராமோட்டார் எஞ்சின் கிளம்பும்போது முழு வேகத்தில்தான் கிளம்பும் என்று எண்ணிக்கொண்டு கயிற்றைத் தொட வேண்டும். மெதுவாகக் கிளம்பினால் அது அன்றைய வரவு.

இப்போது நான் செய்வது வேறு. கொட்டகையிலிருந்து எஞ்சினை வெளியே எடுத்ததும், ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடுகிறேன். ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றி, விரிசலோ கீறலோ உண்டா என்று விரலால் தடவி, போல்ட்டுகளைப் பார்க்கும் வேலையெல்லாம் அந்த நிலையில்தான். பிறகு த்ராட்டில். நெம்புகோலை முழுவதும் அழுத்தி, சட்டென்று விட்டுவிட்டு, கார்புரேட்டர் பக்கமாகக் காதை வைத்துக் கேட்கிறேன். உள்ளேயிருக்கும் தகடு மூடிக்கொள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பழைய கடிகாரத்தின் முள் நகர்வதைப் போன்ற சிறிய, வறண்ட சத்தம். அது வராவிட்டால், அல்லது இழுபட்டு வந்தால், அன்றைக்கு அந்த எஞ்சினைக் கிளப்புவதில்லை. குரூஸ் இறுகியிருக்கலாம்; கேபிளின் உறைக்குள் துரு பிடித்திருக்கலாம்; ஹார்னஸ் திரும்பியதில் கேபிள் வளைந்து உள்கம்பி இழுபட்டிருக்கலாம். அதனால்தான் ஹார்னஸை ஒரு முறை இடமும் வலமும் வளைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்பேன். காலை நேரத்துத் தோட்டத்தில் சத்தம் குறைவு. அந்த ஒரு 'டக்'கைக் கேட்பதற்கு அது போதும்.

நிறுத்தும் பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பெரும்பாலான இந்த எஞ்சின்களில், பொத்தானை அழுத்தினால் மின்பொறியின் கம்பி எஞ்சின் உடலோடு இணைந்து, பொறி நின்றுபோகும். அதாவது கம்பி முழுதாக இருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். எங்காவது அறுந்திருந்தால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டறையில் அவசர நிறுத்தத்தை இதற்கு நேர்மாறாக, கம்பி அறுந்தாலே இயந்திரம் நின்றுவிடும்படி அமைப்பார்கள். அந்த ஏற்பாடு இங்கே இல்லை என்பதால், எஞ்சின் கிளம்பி மெதுவோட்டத்தில் நிலைத்ததும் என் முதல் வேலை அதை நிறுத்திப் பார்ப்பதுதான். இத்தனை பாடுபட்டுக் கிளப்பிவிட்டு உடனே நிறுத்துகிறாரே என்று பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நின்றால், மறுபடியும் கிளப்பலாம். நிற்காவிட்டால், த்ராட்டிலை விட்டுவிட்டு, ஹார்னஸ் பக்கத்திலேயே இருக்கும் எரிபொருள் குழாயை மடித்துப் பிடிக்க வேண்டும்; கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் ஓய்வதற்கு நேரம் ஆகும், அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும். அந்த நிலையில் எஞ்சினுக்குப் பின்புறமாகப் போய்க் காற்றுவழியை உள்ளங்கையால் அடைக்கப் பார்ப்பது, ஒரு கோளாறை இரண்டாக்கும் வேலை.

எங்கே நின்று கிளப்புவது? என்னைக் கேட்டால், முதுகில் மாட்டிக்கொண்டு கிளப்புவதே நல்லது. மின்ஸ்டார்ட்டர் உள்ள எஞ்சினில் அது எளிது. கயிறு உள்ளவற்றிலும், தோளருகே கைப்பிடி வரும்படி பல எஞ்சின்களில் அமைத்திருக்கிறார்கள். வார்கள் இறுகியிருப்பதால், எஞ்சின் திடீரென்று சீறினாலும் அது உங்களை நாலடி முன்னால் தள்ளும், அவ்வளவுதான். கைகள் இரண்டும் உங்களுக்கு முன்னால் இருக்கும், ப்ரொப்பெல்லர் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கையைப் பின்னால் நீட்டாதவரை இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க முடியாதது மட்டும் ஒரு குறை. அதற்குத்தான் எதிரே ஓர் ஆள் நின்று, உங்கள் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். தலைக்கவசமும் காதடைப்பும் போட்ட பிறகு அவர் கத்துவது உங்களுக்குக் கேட்காது. கையால் காட்டுவதையே நம்ப வேண்டும்.

குளிர்ந்த எஞ்சின் முதல் முறை கிளம்ப மறுக்கும்போது, 25 கிலோவுக்கு மேலே உள்ள சுமையை முதுகில் வைத்துக்கொண்டு பத்து முறை கயிறு இழுப்பது எல்லாராலும் ஆகிற காரியம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் மூன்றாவது இழுப்புக்குள் வியர்வை கண்ணில் இறங்கிவிடும். தரையில் வைத்துத்தான் கிளப்ப வேண்டும் என்றால், இப்படி நிற்கிறேன்: எஞ்சினைச் சமதரையில், மணலும் சரளையும் இல்லாத இடத்தில், நிமிர்த்தி வைக்கிறேன். ஹார்னஸைப் பார்த்தபடி, ஒரு காலை முன்னால் வைத்து அடிக்குழாயை மிதித்துக்கொள்கிறேன். மற்றொரு காலைப் பின்னால் நன்றாக ஊன்றிக்கொள்கிறேன். இடது முழங்கை மடங்காமல், நடுச்சட்டத்தின் கெட்டியான குழாயின் மேல் கையை அழுத்தி வைக்கிறேன். கூண்டின் வெளி வளையத்தை எந்தக் காரணத்துக்காகவும் பிடிப்பதில்லை. த்ராட்டில் பிடி அதே இடது கையில், வாரால் கட்டியபடி இருக்கும். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல். மற்ற நான்கு விரல்களும் நெம்புகோலுக்கு வெளியே.

அந்த நான்கு விரல்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பயந்தவன் கை மூடிக்கொள்ளும்; பேருந்து சட்டென்று நின்றால் கம்பியை எப்படி இறுகப் பற்றுகிறோமோ அப்படி. த்ராட்டிலைக் கையில் வைத்திருப்பவன் கையை மூடினால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழலும், அது இன்னும் பலமாக அவன் மேல் பாயும், அவன் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். இந்த வட்டத்தை அறிவு அறுக்காது, பழக்கம்தான் அறுக்கும். ஆகவே எஞ்சின் ஓடாமல் இருக்கும்போதே, அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் கூண்டைப் பின்னாலிருந்து என் பக்கமாக ஒரு தள்ளு தள்ளுவார். நான் விரல்களை விரித்தபடி கட்டைவிரலை மட்டும் அழுத்த வேண்டும். முதலில் பத்துக்கு ஏழு முறை கையை மூடினேன். நாற்பத்திரண்டு வயதில் திடலின் நடுவே இந்தப் பயிற்சியைச் செய்வது கூச்சமாகத்தான் இருந்தது.

என்னைவிட அனுபவம் மிக்கவர்களும் தடுக்கி விழும் இடம் வேறொன்று: எரிபொருள் நிரம்பிப்போன எஞ்சின். குமிழை அளவுக்கு மேல் அழுத்தினாலோ, கிளம்பாத எஞ்சினைத் திரும்பத் திரும்ப இழுத்தாலோ, சிலிண்டருக்குள் பெட்ரோல் அதிகமாகச் சேர்ந்து பிளக் நனைந்துவிடும். அப்போது திடலில் யாராவது ஒருவர், த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு நாலு இழுப்பு இழுங்கள், காற்று போய்ச் சரியாகிவிடும் என்பார். அவர் சொல்வது எஞ்சினைப் பொறுத்தவரை உண்மைதான். உபரிப் பெட்ரோல் அப்படித்தான் வெளியேறும். ஆனால் எந்த இழுப்பில் பிளக் காய்ந்து பொறி பிடிக்கும் என்று எவருக்கும் தெரியாது; பிடிக்கும் கணத்தில் த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும். பொறியைத் துண்டிக்காமல் அப்படிச் செய்வது, எழுபது கிலோ உந்துவிசையைக் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடுவதற்குச் சமம். பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் சாவி கையில் இல்லாதவர் திடலுக்கே வரக் கூடாது என்பது என் கருத்து. கழற்றிய பிளக்கைத் துடைத்துக் காய வைத்து, அதன் தொப்பியை எஞ்சின் உடலோடு தொடும்படி ஒதுக்கி, நிறுத்தும் பொத்தானை அழுத்திய நிலையில் த்ராட்டிலைத் திறந்து நாலைந்து முறை இழுத்தால், பிளக் துளை வழியாகப் பெட்ரோல் ஆவியாகச் சீறி வெளியேறும். அந்தத் துளைக்கு எதிரே முகத்தை வைக்கக் கூடாது. பொறி அங்கே பறந்தால் தீப்பிடிக்கும் என்பதால்தான் தொப்பியை ஒதுக்கி வைப்பது. பத்து நிமிட வேலை. எல்லாம் முடிந்து பிளக்கை மாட்டிய பிறகு, த்ராட்டில் மூடியிருக்கிறதா என்று மறுபடியும் அந்த 'டக்'கைக் கேட்க வேண்டும்.

மின்ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கயிற்றின் தொல்லை இல்லை. ஆனால் கயிறு தானாக இழுபடாது, பொத்தான் தானாக அழுந்தும். பிடியைப் புல்லில் போட்டுவிட்டு அதன் மேல் பையை வைத்தாலும், வண்டியில் ஏற்றும்போது அது இடுக்கில் மாட்டினாலும் போதும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்ரோல் ஊற்றுகிறவரைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சேஃப்ஸ்டார்ட் என்று ஒரு மின்னணுக் கருவி வந்திருக்கிறது. கிளம்பும் நேரத்தில் எஞ்சினின் சுற்று ஒரு வரம்பைத் தாண்டினால் அதுவே பொறியை வெட்டிவிடும், கொஞ்ச நேரம் மெதுவோட்டத்தில் நிலைத்த பிறகுதான் வழிவிடும். கூண்டின் நடுவட்டத்தில், விரித்த கை ப்ரொப்பெல்லரைத் தொடாதபடி தடுக்கும் ஒரு கூடுதல் உலோக வளையமும் சில எஞ்சின்களில் உண்டு. மேலே சொன்ன கோயின் இந்த வளையத்துக்காக நெடுநாளாக வாதாடி வருகிறவர். புதிதாக எஞ்சின் வாங்கப் போகிறவர்கள், ஒரு குதிரைத்திறன் கூடுதலா குறைவா என்று விசாரிப்பதற்கு முன் இந்த இரண்டையும் விசாரிக்கலாம்.

எரிபொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் எஞ்சினுக்குப் பத்து லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய். கலந்து, குலுக்கி, எஞ்சின் ஆறிய நிலையில், தரையில் வைத்த டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். வண்டியின் பின்பெட்டிக்குள் வைத்து ஊற்றக் கூடாது. சிந்தியது காயும்வரை கயிற்றைத் தொடக் கூடாது.

ஆள்களை விலக்குவதுதான் கடைசி வேலை. அதில் நாங்கள் ஒரு பாடம் கற்றோம். உலகெங்கும் இந்த விளையாட்டில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், ப்ரொப்பெல்லரை விட்டு விலகுங்கள் என்ற பொருளில் 'கிளியர் ப்ராப்' என்று கத்துவார்கள். நானும் அந்த விபத்துக்கு முன்பு வரை அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். திடலைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது விமானம் ஓட்டுகிறவர் சொல்லும் மந்திரம். அதைக் கேட்டால் இன்னும் கிட்டே வருவார்கள். இப்போது அண்ணன் முதலில் "எல்லாரும் தள்ளிப் போங்கடா!" என்கிறார், அடுத்த மூச்சில் "தெப்பி! தெப்பி!" என்று மலாயில் கத்துகிறார். பிள்ளைகள் ஓடுகிறார்கள். எங்கே ஓட வேண்டும் என்பதையும் அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம்: எஞ்சினுக்கு முன்னால், தள்ளி. பின்னால் காற்றும் கல்லும் வரும். பக்கவாட்டில் உடைந்த இலை வரும். கோல் கம்பத்தின் பக்கம் இப்போது யாரும் நிற்பதில்லை. கத்திய பிறகு உடனே இழுப்பதும் இல்லை. தங்கை மகன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை உயர்த்த வேண்டும், அதுவரை கயிற்றில் கை வைப்பதில்லை. நானும் ஒரு முறை குனிந்து என்னைப் பார்த்துக்கொள்கிறேன்: சட்டைக்கை, காலணிக் கயிறு, கழுத்தில் தொங்கும் எதுவும். ஒரு வெள்ளிக்கிழமை இரவுப்பணி முடித்து நேராக வந்தபோது, பட்டறை அடையாள அட்டை நாடாவோடு கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பையன்தான் சுட்டிக்காட்டினான்.

போன மாதம் ஒரு நாள், எல்லாம் ஒழுங்காக இருந்தும் எஞ்சின் கிளம்பவில்லை. மூன்று இழுப்புக்கு மேல் இழுப்பதில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்ட கணக்குப்படி நிறுத்தினோம். பிளக்கைக் கழற்றினால் நனைந்திருந்தது. துடைத்து, சிலிண்டரைக் காய வைத்து, மாட்டி, மறுபடியும் மூன்று. கிளம்பவில்லை. கார்புரேட்டரின் சவ்வு இறுகிப் போயிருக்கும் என்று அண்ணன் சொன்னார். மாற்றுச் சவ்வு கையில் இல்லை. அதற்குள் செம்பனை மட்டைகள் அசையத் தொடங்கிவிட்டன, பறக்கும் நேரம் போய்விட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கொட்டகைக்குள் தள்ளினோம். அண்ணன் வீட்டில் தோசையும் சம்பாலும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நின்றேன்.